வேட்பாளரைத் தேர்வது யார்?

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டதும் காயலிலிருந்து கீழக்கரை வரை நம் கடற்கரை ஊர்களில் ஒன்று தவறாமல் நிகழும். இஷாத் தொழுகைக்குப் பின் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். தேநீர் வரும். வெளிநாட்டிலிருந்து ஓரிரு தொலைபேசி அழைப்புகளும் வரும். மறுநாள் சுபுஹுக்குள் 'முடிவாகிவிட்டது' என்ற சொல் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள், வேறு யார் யார் பெயர் அங்கே எழுந்தது, அவை எக்காரணத்தால் தள்ளப்பட்டன என்பவை தெருவுக்கு வருவதில்லை. பெயர் மட்டுமே வரும். அதன் பின்னர் நமக்கு எஞ்சியிருப்பது விரலை நீட்டி மை வைத்துக்கொள்ளும் வேலை ஒன்றுதான்.

அந்தப் பெரியவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுள் பலர் ஊருக்காகக் கைப்பொருளையும் தூக்கத்தையும் இழந்தவர்கள். ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும். வாக்களிக்கும் உரிமை வாக்குச்சாவடியில் தொடங்குவதில்லை. யார் யார் நிற்பது என்று முடிவாகும் இடத்திலேயே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பாதியில் நம் ஆண்களுள் சிலருக்குச் சிறு பங்கு உண்டு. பெண்களுக்கோ அறவே இல்லை. மார்க்கப் பேணுதலோடு வாழும் குடும்பங்கள், 'எவன் வந்தால் நமக்கென்ன' என்று ஒதுங்குவதும், 'ஜமாஅத் சொன்னால் சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டு வருவதும் இதனால் விளைந்த இரண்டு நோய்களே. இழந்த அந்தப் பாதியைத் திரும்பக் கேட்பதற்கே இதை எழுதுகிறோம்.

முத்தெடுத்துப் பிழைத்த கரை நம்முடையது. தூத்துக்குடிக் கடலிலே தொலாயிரம் பார் முதலிய படுகைகளில் சிப்பி முற்றிவிட்டது என்று யாரோ சொன்னார் என்பதற்காக முத்துக்குளிப்பை எவரும் அறிவித்ததில்லை. முதலில் மாதிரிச் சிப்பி எடுக்கப்படும். ஆட்கள் மூழ்கி எடுத்து வந்த சிப்பிகளை எண்ணி, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையிட்டுத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கு நாலு பேர் அறிய வெளியிடப்படும். அதைப் பார்த்த பின்னரே மரைக்காயர்களும் தொலைதூர வணிகர்களும் பண முடிப்போடு வந்து கூடுவார்கள். மதிப்புத் தேறவில்லை என்றால் அவ்வாண்டு குளிப்பு இல்லை. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஒரு பருவத்துச் சிப்பிக்கு இத்தனை எச்சரிக்கை காட்டிய பாட்டன்மாரின் பேரர்களாகிய நாம், ஐந்தாண்டுக்கு ஓர் ஆளைச் சட்டமன்றத்துக்கு அனுப்பும்போது மாதிரி பாராமலே மூட்டையோடு வாங்கிக்கொள்கிறோம்!

கட்சியின் வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் வழக்கம் உலகில் இல்லாத ஒன்றன்று. அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்னர், மாநிலந்தோறும் கட்சிக்குள் முதனிலைத் தேர்தல் நடைபெறுகிறது. அங்கும் ஒரு காலத்தில் மூடிய அறைகளில் புகை சூழ அமர்ந்த தலைவர்களே ஆளைப் பொறுக்கினார்கள். 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரே ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே இளைஞர்கள் மீது தடியடி நடந்தது. நவம்பரில் அவர் தோற்றுப்போனார். அந்த அவமானத்துக்குப் பின்னரே விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதல் முதனிலைத் தேர்தல்களே வேட்பாளரைத் தீர்மானிக்கும் நிலை வந்தது.

அம்முறையால் எப்போதும் நல்லவர்களே வருகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பதினேழு பேர் களத்தில் இருந்தார்கள். அக்கட்சியின் அடித்தளமாக விளங்குவோர் தேவாலயத்துக்குத் தவறாமல் செல்லும் பழமைப் பற்றாளர்கள். மதுவையும் சூதையும் வெறுக்கும் குடும்பங்கள் அவர்களுள் ஏராளம். அவர்கள் முன் ஒருபுறம், போதகர் ஒருவரின் மகனும் தம் மதப்பற்றை மேடைதோறும் பேசியவருமான டெட் குரூஸ். மறுபுறம், மும்முறை மணந்தவரும் சூதாட்ட விடுதிகளை நடத்தியவருமான டொனால்ட் டிரம்ப். முஸ்லிம்கள் எவரும் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று 2015 டிசம்பரில் அறிக்கை விட்டவரும் இவரே. பிப்ரவரி முதல் நாள் அயோவா மாநிலம் குரூஸைத் தேர்ந்தது. அதே மாதம் 20ஆம் நாள், தேவாலயப் பற்றில் சற்றும் குறையாத தென் கரோலினா டிரம்பைத் தேர்ந்தது. ஒரே வகை மக்கள், ஒரே வேதம், இரண்டு முடிவுகள்.

டிரம்பைத் தேர்ந்தவர்கள் சொன்ன நியாயம் என்ன? 'இவர் நல்லவரா என்பது எமக்குக் கேள்வி அன்று. உச்ச நீதிமன்றத்துக்கு யாரை நியமிப்பார் என்பதே கேள்வி' என்றார்கள். அவர் மூன்று நீதிபதிகளை நியமித்தார். கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக வைத்திருந்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2022 ஜூன் 24 அன்று நீக்கப்பட்டது. அவர்களுடைய கணக்கேட்டின்படி வரவு வந்துவிட்டது. ஆனால் தலைவனின் ஒழுக்கத்தைப் பற்றி இனிப் பிறருக்குப் போதிக்கும் தகுதியை அவர்கள் செலவில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வாணிபம் இலாபமா நட்டமா என்பது அவர்கள் பாடு. நாம் அதை மெச்சவில்லை. ஆனால், அவர்கள் என்ன விலைக்கு எதை வாங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அதுகூடத் தெரிவதில்லையே!

நம் கரைக்கே வருவோம். காயல்பட்டினம் அடங்கிய திருச்செந்தூர் சட்டமன்றத் தொகுதியில் 2001, 2006 ஆகிய இரு தேர்தல்களிலும் அனிதா ராதாகிருஷ்ணன் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். 2009இல் கட்சி மாறிப் பதவி விலகி, அவ்வாண்டு டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2011, 2016, 2021 தேர்தல்களிலும் அச்சின்னத்திலேயே வென்றார். அவரைப் போற்றவோ தூற்றவோ இதை எடுத்துக் கூறவில்லை. தொகுதி மக்கள் அவரைத் தொடர்ந்து விரும்பினார்கள் என்பதே அதன் பொருள். நாம் கவனிக்கச் சொல்வது நம் திண்ணைகளை. இலைக்கு வாக்களிக்க நம்மிடம் காரணம் சொன்ன அதே வாய்கள் மூன்றாண்டு கழித்துச் சூரியனுக்குக் காரணம் சொல்லின. ஆள் ஒருவரே; காரணம் மட்டும் இரண்டு. அவரை அந்தக் கட்சியோ இந்தக் கட்சியோ வேட்பாளராக நிறுத்துவதற்கு முன், 'உங்கள் ஊருக்கு இவர் சம்மதமா, வேறு எவரையேனும் கருதுகிறீர்களா?' என்று நம்மை யாரேனும் கேட்டதுண்டா? கேட்க வேண்டும் என்று நாமேனும் கேட்டதுண்டா?

'நம் சமுதாயக் கட்சி இருக்கிறதே, அது கேட்குமே' என்பாரும் உளர். 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை இராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானபோது அதற்குத் தலைமை ஏற்றவர் நம் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்த, நெல்லைப் பேட்டையில் பிறந்த முகம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடிய அப்பெருமகனை மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என மும்முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். மொழி வேறு, மாநிலம் வேறு. ஆளைத் தெரிந்திருந்தது, அனுப்பினார்கள். காயிதே மில்லத் ஒருவரைக் கைகாட்டினால் கேள்வி கேளாமல் வாக்களித்தோம் என்றால், அந்த நம்பிக்கையை அவர்கள் ஆயுள் முழுதும் எளிமையாய் வாழ்ந்து ஈட்டியிருந்தார்கள். 1972இல் அவர்கள் மறைந்தார்கள். கைகாட்டும் வழக்கம் மட்டும் மறையவில்லை. நம்பிக்கையை ஈட்டும் வேலையை விட்டுவிட்டு, ஈட்டிய நம்பிக்கையைச் செலவழிக்கும் உரிமையை மட்டும் வாரிசாக எடுத்துக்கொள்வது எவ்வகை நியாயம்?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004இலும் 2009இலும் வேலூரிலிருந்து மக்களவைக்குச் சென்ற லீக் தலைவர்கள் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று வென்றார்கள். 2021இல் மனிதநேய மக்கள் கட்சியின் இரு சட்டமன்ற உறுப்பினர்களும் அச்சின்னத்திலேயே வென்றார்கள். பிற கட்சியின் சின்னத்தில் வென்றவர் அவையில் அக்கட்சியின் உறுப்பினராகவே எண்ணப்படுவார். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, அக்கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறினால் பதவியே போய்விடக்கூடும். 'நம் ஆள்' என்று நாம் அனுப்பியவர் மார்க்கத்தைப் பற்றியதொரு மசோதாவின்போது தம் மனசாட்சிப்படி கை தூக்க இயலுமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டோமா? ஏணிச் சின்னத்திலேயே நிற்பது என்றால் அதற்கும் விலை உண்டு. 2016இல் கடையநல்லூரில் ஏணி ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் மயிரிழையில் தப்பியது. 2021இல் அங்கும், வாணியம்பாடி, சிதம்பரம் ஆகிய ஊர்களிலும் தோற்றது. மாறாக இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் 2019, 2024 என இருமுறை அதே ஏணி வென்றது. வெல்லும் சின்னமா, சொந்தச் சின்னமா என்பது எளிய கேள்வியன்று. இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் அது பத்துப் பேர் கூடிய ஓர் அறையில் முடியத்தக்க கேள்வியன்று என்கிறோம்.

பெயரைப் பார்த்து மயங்குவது பேணுதலுள்ள வாக்காளருக்கே உரிய பலவீனம். தாடியும் தொப்பியும் ஸலாமும் கண்டால் நெஞ்சு இளகிவிடுகிறது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர்கள் பதினொருவர் அதை ஆதரித்து வாக்களித்தார்கள். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். மசோதாவுக்கு 125, எதிராக 105. பெயர் நம்முடையதாய் இருந்தது. வாக்கு கட்சியினுடையதாய் இருந்தது.

குடியரசுத் தலைவர் தேர்தல் ஒன்றையும் நினைவுகூரலாம். 2002இல் இதே மன்னார் வளைகுடாக் கரையின் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களை அன்று ஆண்ட பாரதிய ஜனதா கூட்டணி வேட்பாளராக்கியது. குஜராத் எரிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காங்கிரசும் ஆதரித்தது. இடதுசாரிகள் மட்டும் நேதாஜியின் படையில் பணிபுரிந்த கேப்டன் லட்சுமி அவர்களை நிறுத்தினார்கள். கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. நம் வீடுகளில் அன்று மகிழ்ச்சி, பெருமிதம். அதைத் தவறென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கலாம் அவர்களின் அறிவையும் எளிமையையும் நாடே அறியும். ஆனால், 'இவரை நிறுத்துவோர் யார், இந்த வேளையில் எதற்காக நிறுத்துகிறார்கள்' என்று கேட்டவர்களை அன்று நாம் எரிச்சலோடு பார்த்தோமே, அது சரியா? வேட்பாளர் ஒரு கேள்வி; அவரை நிறுத்தும் கை இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்பதே வாக்காளன் கடமை.

அப்படியானால் பேணுதலுள்ள குடும்பம் வேட்பாளரிடம் எதைப் பார்க்க வேண்டும்? மிஸ்ரு நாட்டுக் களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூசுஃப் (அலை) அவர்கள் தம் குடும்பப் பெருமையைச் சொல்லிக் கேட்கவில்லை. தம் தொழுகையைச் சொல்லியும் கேட்கவில்லை. நான் காப்பாற்றுபவன், நான் விவரம் அறிந்தவன் என்ற இரண்டையே எடுத்துரைத்தார்கள். அமானிதமும் அறிவும். பதவியைத் தேடி அலைபவனுக்குப் பதவி தரலாகாது என்ற நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டலைச் சொல்லி, நல்லவர்களை எல்லாம் வீட்டிலேயே உட்கார வைத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் நடப்பது என்ன? கேட்கத் தயங்குபவர் ஒதுங்கிக்கொள்ள, தயங்காதவர் வந்துவிடுகிறார். பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்தும் யூசுஃப் (அலை) கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தால் மிஸ்ருவின் கதி என்னவாகியிருக்கும்?

நமக்குப் பஞ்சம் வராவிட்டால் என்ன, வெள்ளம் வந்ததே. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டுக்குரிய மழைக்கும் மேற்பட்டதை ஒரே நாளில் கண்டோம். தாமிரபரணிப் பாசனக் குளங்கள் உடைந்தன, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது, ஊர்கள் தீவுகளாயின. அதற்குப் பின் வாக்குக் கேட்டு வந்தவர்களிடம், எந்தக் குளத்தின் கரை எத்தனை தூரம் பலப்படுத்தப்பட்டது, கடலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால்கள் எவை, அவற்றை அடைத்துக்கொண்டிருப்போர் யார் என்று கேட்டோமா? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துச் சென்ற மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று உயிர்கள் போயின. அந்த மண்ணில் வாக்குக் கேட்பவர், ஆலைக் கழிவைப் பற்றிப் பேசும்போது எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மேடையில் கைதட்டு வாங்கிப் போனால் போதாது. 2025இல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்துவிட்டது. பள்ளிவாசல், தைக்கா, மையவாடி ஆகியவற்றின் பத்திரங்களை எடுத்துப் பார்த்து, சட்டம் தெரிந்து பேசக்கூடிய ஆள் நமக்கு வேண்டும். ஐவேளைத் தொழுகையாளி என்பது மகிழ்ச்சிக்குரியது. வாய்க்கால் கணக்கும் பத்திரக் கணக்கும் தெரிந்த தொழுகையாளி கிடைத்தால் இன்னும் மகிழ்வோம். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை விடுவது என்ற கேள்வி கடினமானது. அதை ஒவ்வொரு வாக்காளரும் தம் நெஞ்சில் நிறுத்துப் பார்க்கட்டும். அவர்களுக்காக வேறு எவரும் நிறுத்துப் பார்க்க வேண்டாம்.

இனிப் பெண்களின் பங்கு. நம் ஊர் ஆண்களில் பெரும் பகுதியினர் ஹாங்காங்கிலும் கொழும்பிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் பிழைக்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு 2010இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோதிலும், வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தால்தான் அது செல்லும். ஆக, வெயிலில் வரிசையில் நின்று வாக்களிப்பவர்கள் யார்? நம் உம்மாமார்கள், மாமிமார்கள், ராத்தாமார்கள். வெள்ளத்தில் அரிசிப் பானையைத் தலையில் சுமந்து மாடி ஏறியவர்களும் அவர்களே. வரிசையில் அவர்கள், முடிவில் ஆண்கள்! வாக்குச்சாவடிக்கு அனுப்பும்போது இடையூறாகத் தோன்றாத பர்தா, வேட்பாளரைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது மட்டும் இடையூறாகத் தோன்றுவதன் மர்மம் என்ன?

'இதெல்லாம் புதுமை, நம் முன்னோர் வழியன்று' என்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். ஹிஜ்ரி 23இல், கத்திக்குத்துப்பட்டு இறப்பின் விளிம்பில் இருந்த உமர் (ரலி) அவர்கள், தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்வதற்கு அறுவர் கொண்ட குழுவை அமைத்தார்கள். அவ்வறுவரில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், 'எனக்குப் பதவி வேண்டாம்' என்று முதலில் விலகிக்கொண்டு, அதன் பின்னரே தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றார்கள். வேட்பாளராக ஆசைப்படுபவரே தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கும் இக்காலத்தவர் இதைச் சற்றே கவனிக்கட்டும். பின்னர் மூன்று நாள் இரவு பகலாக மதீனாவைச் சுற்றி வந்தார்கள். தலைவர்களைக் கேட்டார்கள், சாமானியரைக் கேட்டார்கள், ஊருக்குள் வந்த பயணிகளைக் கேட்டார்கள், திரைக்குப் பின்னால் இருந்த பெண்களையும் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் எழுதுகிறார். அவ்வாறு கேட்டறிந்த பின்னரே உஸ்மான் (ரலி) அவர்களின் பெயர் பள்ளிவாசலில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மதீனத்துப் பெண்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இன்று காயல் பெண்களிடம் கேட்கப்படவில்லை என்றால், புதுமை செய்தவர் யார்?

அவர்களைக் கேட்பதற்கு இடமா இல்லை? காயலில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. அவர்கள் நடமாடத் தனி முடுக்குகளே இருக்கின்றன. வீடுகளே பெண் மக்கள் பெயரில் இருக்கின்றன. ஆண் வாடை படாமல் நூற்றுக்கணக்கான பெண்கள் கூடிக் கலையும் ஏற்பாட்டை நம் முன்னோர் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பெட்டியை வைக்கத்தான் நமக்கு மனமில்லை.

நம் மீது வீசப்படும் பெரிய கல், ஒற்றுமை. 'நாலு பெயரை முன்வைத்து வாக்கெடுத்தால் ஊர் நாலாகப் பிளந்துவிடும், ஃபித்னா வந்துவிடும்' என்கிறார்கள். 2011ஆம் ஆண்டை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். அவ்வாண்டு காயல்பட்டினம் நகராட்சித் தலைவர் பதவி மகளிருக்கு ஒதுக்கப்பட்டு, மக்களே நேரடியாக வாக்களிக்கும் தேர்தலும் வந்தது. ஊர் ஒற்றுமையைக் கருதி ஜமாஅத்துகளின் சார்பில் ஒரு பொது வேட்பாளர் முன்வைக்கப்பட்டார். மக்களோ வேறொரு பெண்மணியைத் தலைவராக்கினார்கள். தேர்ந்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அப்படியொரு முயற்சி எடுத்ததே பெரிது, வேறு பல ஊர்களில் அதுவும் இல்லை. ஆனால் தலைவியாகப் போகும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க ஆண்கள் கூடி முடிவு செய்தால், முடிவில் பெண்கள் தம் விரலால் வேறு முடிவு சொல்வார்கள் என்பதை அத்தேர்தல் காட்டிவிட்டது. கேட்காமல் உண்டாக்கிய ஒற்றுமை வாக்கு எண்ணும் நாள் வரைதான் நீடித்தது. அதன் பின் 2016 அக்டோபர் முதல் 2022 வரை நகராட்சிக்கு மக்கள் பிரதிநிதிகளே இல்லை; அதிகாரிகள் ஆண்டார்கள். 2022இல் தேர்தல் வந்தபோது, தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்துவிட்டது. நம் கைக்கு எட்டுவது இனி வார்டு உறுப்பினர் ஒருவரே. அவரையும் திண்ணையில் தேர்ந்தால் நமக்கு மிச்சம் என்ன?

சட்டமும் நம் பக்கமே பேசுகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கமாக விளக்கிவிட்டது. மிம்பரிலிருந்தோ ஜமாஅத்தின் முத்திரையிட்ட தாளிலிருந்தோ 'இவருக்கே வாக்களியுங்கள்' என்று அறிவிப்பது, வென்றவரின் வெற்றியையே வழக்குமன்றத்தில் பறிகொடுக்க வைக்கக்கூடும். வாக்காளர்கள் தாமே கூடி, வேட்பாளராக விரும்புவோரை அழைத்துக் கேள்வி கேட்டுத் தம் விருப்பத்தைச் சொல்வதில் அந்தத் தொல்லை இல்லை. ஆலிம் பெருமக்களை இந்த அரசியல் சுமையிலிருந்து விடுவித்த புண்ணியமும் நமக்குக் கிடைக்கும்.

விளையாட்டாகச் செய்தால் கேலிக்கூத்தாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்வோம். 2014இல் காங்கிரஸ் கட்சி சில மக்களவைத் தொகுதிகளில் அமெரிக்க முறையில் வேட்பாளர் தேர்வு நடத்திப் பார்த்தது. வடோதராவில் அவ்வாறு தேர்வு பெற்றவர், நரேந்திர மோடி அங்கே நிற்கப்போகிறார் என்றதும் விலகிக்கொள்ள, தலைமை வேறொருவரை நிறுத்தியது. மேலிடம் விரும்பும்வரை மட்டும் மதிக்கப்படும் தேர்வு தேர்வாகாது. கூட்டணிக் கட்சிகளின் தலைமைகளும் நம்மிடம் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது தெரிந்ததே. ஆகவே சட்டமன்றத்தையும் மக்களவையையும் கொண்டு தொடங்க வேண்டியதில்லை. நகராட்சி வார்டுகளில் தொடங்கலாம். அங்கே கூட்டணியின் பிடி தளர்வு, ஆளையும் எல்லோரும் அறிவார்கள்.

செலவும் அதிகமில்லை. வார்டின் வாக்காளர் பட்டியல் கையில் இருக்கிறது. நிற்க விரும்புவோர் தம் சொத்துக் கணக்கையும் வழக்குகள் இருந்தால் அவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பத்து நாள் முன்னதாகவே ஒட்ட வேண்டும். ஆண்களிடம் ஒரு மாலை, தைக்காவில் பெண்களிடம் ஒரு பகல் வந்து கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். தைக்காவில் திரைக்கு அப்பால் நின்று பதில் சொல்லட்டும். கேள்வியைப் பெண்களே எழுதிக் கொடுக்கட்டும். வார்டில் வாழும் இந்து, கிறிஸ்தவ அண்டை வீட்டார்களும் விரும்பினால் வந்து கேட்கட்டும்; அவர்களுக்கும் அதே கவுன்சிலர்தானே! வெளிநாட்டுச் சகோதரர்கள் ஆலோசனை எழுதி அனுப்பலாம். பெட்டியில் போடும் சீட்டு ஊரில் இருப்பவர்களுக்கே. எண்ணும்போது போட்டியிட்டவர் ஒவ்வொருவரின் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணிக்கை, தோற்றவர் பெற்றதும் சேர்த்து, அன்றிரவே சுவரில் ஒட்டப்பட வேண்டும். தோற்றவர் பொதுத் தேர்தலில் தனியே நிற்பேன் என்றால் அது அவர் உரிமை. தடுக்க நமக்கு அதிகாரமில்லை. எத்தனை பேர் அவரை விரும்பினார்கள் என்பதை ஊர் அறிந்திருக்கும், அவ்வளவே.